வரைபடத்துக்குள் அடங்காத உழைப்பு

வேலைவாய்ப்புப் புள்ளிவிவரங்களைத் தடித்த அறிக்கைகளில் அட்டவணை அட்டவணையாக அச்சிட்ட காலம் போய்விட்டது, தொட்டால் விரியும் வரைபடமாகவும் விரலுக்கேற்ப நகரும் கோட்டுப்படமாகவும் கொடுத்தால் பாமரருக்கும் எல்லாம் விளங்கிவிடும் என்கிறார்கள். இதை மறுத்துப் பேசுவோர் இன்று அரிது. மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் 2024 ஜூனில் இ-சாங்கியிகி என்ற தளத்தைத் திறந்தது. அமைப்புசாராத் தொழிலாளர்களுக்காக 2021 ஆகஸ்டில் வந்த இ-ஷ்ரம் தளத்துக்கு டேஷ்போர்டு உண்டு. நாளிதழ்களின் இணையப் பக்கங்களில் ஒவ்வொரு கணக்கெடுப்பு வெளியாகும்போதும் மாநிலங்கள் பச்சையும் சிவப்புமாக அடுக்கப்படுகின்றன. தரவு மக்களிடம் வந்துவிட்டது, இனி மக்களே பார்த்துத் தெரிந்துகொள்வார்கள் என்ற நிம்மதி இந்த முயற்சிகள் எல்லாவற்றிலும் தெரிகிறது.

இவற்றைச் செய்பவர்களின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவர்கள் நம்பும் கருத்து தவறு. உழைப்பைப் பற்றிய ஒரு எண்ணுக்கு, அது எந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில் என்பதைச் சேர்த்துப் படித்தால்தான் பொருள் உண்டு. வரைபடம் முதலில் கழற்றிவிடுவது அந்தக் கேள்வியைத்தான். கிளிக் செய்யும் வசதிகள் கூடக் கூட, கேள்வி இன்னும் ஆழத்தில் போய்ப் புதைகிறது. பார்ப்பவர் தாமே ஆராய்ந்து கண்டுபிடித்ததாக நினைக்கிறார். அவர் எதைக் கண்டுபிடிக்கலாம் என்பது அதற்கு வெகு முன்பே முடிவாகிவிட்டது.

இந்தியாவின் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பை எடுத்துக்கொள்வோம். பி.எல்.எஃப்.எஸ். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 2017 முதல் நடக்கிறது. அரசியல் மேடைகளில் வேலையின்மை பற்றி உதிர்க்கப்படும் எண்களில் பெரும்பாலானவை இதிலிருந்து வருபவை. 2023-24 ஆண்டறிக்கையின்படி 15 வயதுக்கு மேற்பட்டோரின் வேலையின்மை மத்தியப் பிரதேசத்தில் 1.0 சதவீதம், குஜராத்தில் 1.1, ஜார்க்கண்டில் 1.3. தமிழ்நாட்டில் 3.5. கேரளத்தில் 7.2. இதை வரைபடமாக வரைந்தால் கேரளம் அடர்ந்த சிவப்பில் எரியும், மத்தியப் பிரதேசம் பசுமையாக விரிந்து கிடக்கும். 15 முதல் 29 வயதுவரையுள்ள இளைஞர்களை மட்டும் தேர்ந்தெடுக்கும் பொத்தானைத் தட்டினால் வேறுபாடு இன்னும் கூர்மையாகும்: கேரளம் 29.9, மத்தியப் பிரதேசம் 2.6.

இந்தப் படத்தைப் பார்க்கும் ஒருவர் என்ன முடிவுக்கு வருவார்? மத்தியப் பிரதேசத்தில் வேலை கிடைக்கிறது, கேரளத்தில் கிடைக்கவில்லை என்றுதான். அப்படியானால் கேரளத்தின் இளைஞர்கள் ரயிலேறிப் போபாலுக்குப் போக வேண்டும். நடப்பது நேர் எதிர். மத்திய, கிழக்கு இந்தியாவிலிருந்துதான் கட்டடவேலைக்கும் தோட்டவேலைக்கும் ஆட்கள் கேரளத்துக்கு வருகிறார்கள். வேலையில்லாதவர் என்று கணக்கில் வர ஒருவர் வேலை இல்லாமல் இருந்தால் மட்டும் போதாது, வேலை தேடிக்கொண்டோ, வேலைக்குத் தயாராகவோ இருக்க வேண்டும். அப்படிக் காத்திருக்க வீட்டில் சோறு வேண்டும். பட்டம் முடித்த பெண் நர்ஸ் வேலைக்கோ அரசுத் தேர்வுக்கோ இரண்டு வருடம் காத்திருக்க அவளுடைய குடும்பத்தால் முடிகிற ஊரில் வேலையின்மை விகிதம் ஏறும். பத்தாம் வகுப்பைக்கூட எட்டாமல் செங்கல் சூளைக்குப் போய்விடும் பையன் இருக்கிற ஊரில் அது இறங்கும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் டெல்லியின் மனித மேம்பாட்டு நிறுவனமும் சேர்ந்து 2024 மார்ச்சில் வெளியிட்ட வேலைவாய்ப்பு அறிக்கை இதைத் தெளிவாகக் காட்டியது. 2022இல் எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களில் வேலையின்மை 3.4 சதவீதம், பட்டதாரி இளைஞர்களில் 29.1. ஏழைக்கு வேலையில்லாமல் இருக்கும் வசதி கிடையாது. இதை அறிந்தவருக்கு அந்த வரைபடம் தேவையில்லை. அறியாதவரை அது தலைகீழான முடிவுக்குக் கூட்டிச் செல்லும்.

விளக்கக் குறிப்பு கீழே இருக்கிறதே என்பார்கள். இருக்கலாம். ஆனால் நிறம் கண்ணில் விழுந்த கணத்தில் தீர்ப்பு முடிந்துவிடுகிறது. சிவப்பு கெட்டது, பச்சை நல்லது என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. குறிப்பை வாசித்து அந்தத் தீர்ப்பைத் திருத்திக்கொள்ள எத்தனை பேர் கீழே இறங்குவார்கள்? கைப்பேசித் திரையில் அந்தக் குறிப்பு இன்னொரு பக்கத்துக்குத் தள்ளப்பட்டிருக்கும். அட்டவணையிலோ தலைப்பு வரியே சொல்லிவிடுகிறது: “வழக்கமான நிலை, முதன்மையும் துணையும் சேர்ந்தது”. புரியாத சொல்தான். ஆனால் இங்கே புரியாத ஒன்று இருக்கிறது, நின்று கேள் என்று அது வாசகரைத் தடுத்து நிறுத்துகிறது. அந்தத் தடுமாற்றம் வாசகருக்கு நல்லது. அதை இடைஞ்சல் என்று எண்ணி அகற்றியதுதான் வரைபடக்காரர்கள் செய்த முதல் பிழை.

அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருப்பதைக் கொஞ்சம் விரித்துப் பார்ப்போம். வழக்கமான நிலை என்றால் கடந்த 365 நாட்களைக் கணக்கில் எடுப்பது. ஆண்டின் பெரும்பகுதியில் வேலை இல்லாமல் இருந்தவர்கூட, துணை வேலையாக 30 நாட்களோ அதற்கு மேலோ ஏதாவது செய்திருந்தால் வேலையில் இருப்பவராகிறார். வாராந்திர நிலை என்ற இன்னொரு அளவு உண்டு. கடந்த ஏழு நாட்களில் ஏதாவது ஒரு நாளில் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தால் போதும், அவர் வேலையில் இருப்பவர். 2023-24இல் முதல் அளவின்படி நாட்டின் வேலையின்மை 3.2 சதவீதம், இரண்டாவதன்படி 4.9. நாடும் ஆண்டும் ஒன்றுதான், கணக்கெடுத்தவர்களும் அவர்கள்தான். 2025 முதல் மாதந்தோறும் வரும் எண்கள் வாராந்திர நிலையில் தரப்படுகின்றன. 2025 ஏப்ரலுக்கு 5.1 சதவீதம் என்று முதல் மாத அறிக்கை சொன்னது. பழைய ஆண்டு எண்ணையும் புதிய மாத எண்ணையும் ஒரே கோட்டில் இணைத்து யாராவது கோட்டுப்படம் போட்டால் 3.2இலிருந்து 5.1க்கு வேலையின்மை பாய்ந்ததாகத் தெரியும். அரசை எதிர்ப்பவருக்கு அது கைகொடுக்கும். அரசை ஆதரிப்பவர் வேறு இரண்டு புள்ளிகளை இணைத்து இறங்குமுகம் காட்டுவார். கோடு இருவருக்கும் வளைந்து கொடுக்கும்.

பெண்களின் உழைப்பு பற்றிய படங்கள் இதைவிடவும் மோசமானவை. இங்கேதான் எனக்குக் கோபம் அதிகம். 2017-18இல் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 23.3 சதவீதம் பேர் தொழிலாளர் படையில் இருந்தார்கள். 2023-24இல் 41.7 சதவீதம். ஏறுமுகமாகச் செல்லும் இந்தக் கோட்டை எத்தனையோ உரைகளில் எத்தனையோ திரைகளில் காட்டிவிட்டார்கள். ஆண்டுவாரியாக நகர்த்தும் பட்டையை இழுத்தால் வெளிறிய மாநிலங்கள் ஒவ்வொன்றாக நிறம் கூடுவது பார்க்க எழுச்சியாகத்தான் இருக்கும். அதே அறிக்கையின் இன்னொரு அட்டவணை என்ன சொல்கிறது? வேலையில் இருப்பதாகக் கணக்கிடப்பட்ட பெண்களில் சுயதொழில் என்ற தலைப்பின்கீழ் வருவோர் 51.9 சதவீதத்திலிருந்து 67.4 ஆகியிருக்கிறார்கள். அந்தத் தலைப்புக்குள்ளேயே, குடும்பத் தொழிலில் கூலியில்லாமல் உதவுவோர் 31.7இலிருந்து 36.7. அதாவது வேலையில் இருக்கும் பெண்களில் மூன்றில் ஒருவருக்கும் மேற்பட்டோர் கையில் ஒரு ரூபாய் கூலி வாங்காதவர்கள். அதே காலத்தில் நாட்டின் உழைப்பாளர்களில் விவசாயத்தில் இருப்போரின் பங்கு 44.1இலிருந்து 46.1 ஆகக் கூடியது. தொழில்மயமாகும் நாட்டில் இது குறைய வேண்டிய எண்.

கணக்கெடுப்பவர் வீட்டுக்கு வரும்போது என்ன நடக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். அவரிடம் குறியீட்டுப் பட்டியல் இருக்கிறது. குடும்பத் தொழிலில் கூலியில்லா உதவியாளர் என்றால் 21. வீட்டுவேலை மட்டும் என்றால் 92. வீட்டுவேலையோடு விறகு, கீரை, மாட்டுத்தீவனம் சேகரிப்பதும் வீட்டுக்காகத் தைப்பதும் உண்டு என்றால் 93. இதில் 21 மட்டும் தொழிலாளர் படைக்குள் வரும், மற்ற இரண்டும் வெளியே. மாட்டுக்குப் புல்லறுத்துப் போட்டு, பால் கறந்து, கணவரின் கடையில் மத்தியானம் உட்கார்ந்து, இரவு அரிசி களைந்து வைக்கும் ஒரு பெண்ணுக்கு எந்த எண்? அது கேட்கும் விதத்தைப் பொறுத்தது, பதில் சொல்வது அவளா அவளுடைய மாமனாரா என்பதைப் பொறுத்தது, கேட்பவருக்கு அன்று இன்னும் எத்தனை வீடு பாக்கி என்பதையும் பொறுத்தது. அவளுடைய நாள் மாறவே இல்லை. 93 என்று எழுதிய இடத்தில் 21 என்று எழுதினால் அவளுடைய மாவட்டம் நிறம் மாறும்.

இதனால்தான் மும்பையிலிருந்து இயங்கும் சி.எம்.ஐ.இ. நிறுவனம் தனியாக நடத்தும் குடும்பக் கணக்கெடுப்பில், கேள்விகளும் கால அளவும் வேறாக இருப்பதால், பெண்களின் பங்கேற்பு பத்து சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. ஒரே நாட்டுக்கு 41.7 என்றும் பத்து என்றும் இரண்டு எண்கள்! இரண்டையும் தனித்தனி வரைபடமாக அருகருகே வைத்தால் இரண்டு வெவ்வேறு தேசங்கள் என்றுதான் எண்ணத் தோன்றும். அந்த வேறுபாடு ஏன் என்பதே இந்தியப் பெண்களின் உழைப்பைப் பற்றிய ஆகப்பெரிய கேள்வி. வேலை உண்மையில் பெருகியதா, கொரோனாவுக்குப் பிந்தைய நெருக்கடி பெண்களை வயலுக்குத் தள்ளியதா, முன்பு விட்டுப்போனவர்களைக் கணக்கெடுப்பாளர்கள் இப்போது கூர்ந்து கேட்டு எழுதுகிறார்களா என்று பொருளாதார அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். வரைபடத்தில் இந்த மூன்றுக்கும் ஒரே நிறம்.

அடுத்தது, மாவட்டம்வரை இறங்கிப் பார்க்கலாம் என்று தரப்படும் வசதி. இதைத்தான் மக்களாட்சியின் வரம்போலப் பேசுகிறார்கள். உங்கள் மாவட்டத்தின் நிலையை நீங்களே பாருங்கள் என்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2024 டிசம்பர்வரை இந்தக் கணக்கெடுப்பு ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் குடும்பங்களைச் சந்தித்தது. நாட்டில் சுமார் 780 மாவட்டங்கள். சராசரியாக மாவட்டத்துக்கு 130 குடும்பங்கள். 2025 முதல் மாதிரியை 2,72,304 குடும்பங்களாகப் பெருக்கியிருக்கிறார்கள், மாவட்டத்தை அடிப்படை அலகாகவும் ஆக்கியிருக்கிறார்கள். நல்ல மாற்றம், வரவேற்கிறேன். இப்போது சராசரியாக மாவட்டத்துக்கு 350 குடும்பங்கள் வரும். அவையும் மாவட்டம் முழுக்கச் சிதறிக் கிடப்பவை அல்ல. ஒரு கிராமத்துக்கோ நகரப் பகுதிக்கோ 12 குடும்பங்கள் வீதம் சுமார் முப்பது இடங்களில் எடுக்கப்படுபவை.

350 குடும்பம் என்றால் தோராயமாக 1,400 பேர். அதில் 15 முதல் 29 வயதினர் கால்பங்கு, 350 பேர். அவர்களில் பெண்கள் பாதி, 175. தொழிலாளர் படையில் இருக்கும் இளம்பெண்கள் என்று பார்த்தால் ஐம்பது பேர் தேறுவார்கள். பத்தில் ஒருவருக்கு வேலை இல்லை என்று வைத்தால் ஐந்து பேர். இந்த ஐந்து பேரில் இருவர் அந்த வாரம் ஊரில் இல்லாமல் போனால் விகிதம் பத்திலிருந்து ஆறுக்கு இறங்கிவிடும். மாவட்டம், இளைஞர், பெண் என்று மூன்று பொத்தான்களைத் தட்டுகிறவருக்கு இப்படித்தான் ஒரு நிறம் வந்து சேர்கிறது. அறிக்கையில் பிழைவரம்பைக் கணக்கிட்டுத் தனி அட்டவணையாகத் தருகிறார்கள், அது புள்ளியியல் துறையின் நேர்மை. நிறத்துக்குப் பிழைவரம்பு கிடையாது. ஐந்து பேரை வைத்துப் பூசிய பச்சையும் ஐயாயிரம் பேரை வைத்துப் பூசிய பச்சையும் கண்ணுக்கு ஒன்றே.

காலத்தை நகர்த்திக் காட்டும் பட்டையில் வேறொரு சிக்கல். தமிழ்நாட்டில் 2018இல் 32 மாவட்டங்கள் இருந்தன, இப்போது 38. செங்கல்பட்டு 2019இல் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்தது. ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் காஞ்சிபுரத்தில் நின்றுவிட்டன, மறைமலைநகரும் மகேந்திரா சிட்டியும் செங்கல்பட்டுக்குப் போய்விட்டன. 2018இன் காஞ்சிபுரத்தையும் 2024இன் காஞ்சிபுரத்தையும் ஒரே பெயரில் இணைத்து ஓட்டினால், எந்தத் தொழிற்சாலையும் மூடாமலே ஒரு மாவட்டம் லட்சக்கணக்கான வேலைகளை இழந்ததாகவோ, எந்தத் தொழிற்சாலையும் திறக்காமலே தொழிற்சாலை வேலையின் பங்கு எகிறியதாகவோ படம் காட்டும். வேலூர் மூன்றாகப் பிரிந்தது. திருநெல்வேலியிலிருந்து தென்காசி, விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி, நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறை. எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

குடும்பக் கணக்கெடுப்பு ஆளை அவர் குடியிருக்கும் இடத்தில் எண்ணுகிறது, தொழிற்சாலைக் கணக்கெடுப்பு வேலை செய்யும் இடத்தில் எண்ணுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ராணிப்பேட்டை, திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமங்களில் விடியுமுன் கம்பெனி பஸ் ஏறி ஸ்ரீபெரும்புதூருக்கு வேலைக்கு வரும் பெண் ஒரு படத்தில் ஒரு மாவட்டத்திலும் இன்னொரு படத்தில் வேறொரு மாவட்டத்திலும் இருக்கிறாள். அவளுடைய நாளில் கணிசமான பகுதி கழியும் அந்தப் பஸ் எந்த மாவட்டத்திலும் இல்லை.

அந்தப் பெண்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஐந்தில் இருவருக்கு மேற்பட்டோர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். வரைபடம் போட்டால் தமிழ்நாடு தனித்து ஒளிரும். நமக்குப் பெருமைதான், அதற்கு உண்மையான காரணங்களும் உண்டு: பெண் கல்வி, பஸ் வசதி, நீண்ட காலத் தொழில் வளர்ச்சி. ஆனால் 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியின் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த பெண்கள், விடுதிச் சாப்பாட்டால் பலர் நோயுற்றதைக் கண்டித்துச் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவில் உட்கார்ந்தார்கள். ஒரு அறையில் எத்தனை பேர் படுக்கிறார்கள், கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்பதையெல்லாம் நாடு அப்போதுதான் அறிந்தது. அதுவரை எந்த வேலைவாய்ப்பு வரைபடத்திலும் அந்த வட்டாரம் நல்ல நிறத்தில்தான் இருந்திருக்கும். கொங்குப் பகுதியிலும் திண்டுக்கல்லிலும் நூற்பாலைகள் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் கல்யாணமாகாத பெண்களை மூன்று வருட ஒப்பந்தத்தில் விடுதிக்குள் வைத்து, கூலியின் ஒரு பகுதியைக் கடைசியில் மொத்தமாகத் தருவதாகச் சொல்லி வேலை வாங்கிய ஆண்டுகளிலும் அப்படித்தான். வேலையின் எண்ணிக்கை கூடியதைப் படம் காட்டும். அந்த வேலை எப்படிப்பட்டது என்பதை அந்தப் பெண்கள் சாலையில் உட்கார்ந்துதான் சொல்ல வேண்டியிருந்தது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். அட்டவணை நிபுணர்களின் சொத்து, அதைப் படிக்கத் தெரியாத கோடிக்கணக்கானோருக்குப் படம்தான் கதவு என்பது அது. இந்த வாதத்தில் மக்கள் மீது அக்கறை இருக்கிறது, ஆனால் மக்களைப் பற்றிய மதிப்பீடு குறைவாக இருக்கிறது. தர்மபுரியில் 1989இல் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தொடங்கின. இன்று தமிழ்நாட்டில் அந்தக் குழு இல்லாத ஊரைத் தேட வேண்டும். பள்ளியைப் பாதியில் விட்ட பெண்கள் சேமிப்புக் கணக்கும் கடன் பேரேடும் வட்டி வரவும் எழுதுகிறார்கள், எழுதாத உறுப்பினர் வாசிக்கச் சொல்லிக் கேட்டுச் சரிபார்க்கிறார். இருபது வரிசை, பத்துப் பத்தி உள்ள பேரேட்டில் ஐம்பது ரூபாய் உதைத்தால் கூட்டம் கலையாது. ஆளுக்கொரு வரி இருக்கிறது, அந்த வரியில் தன் பெயர் இருக்கிறது, தவறு நடந்தால் கேட்க ஆள் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். அந்த மூன்றும் இருந்தால் அட்டவணை யாருக்கும் கடினமில்லை. மூன்றும் இல்லாவிட்டால் எத்தனை வண்ணம் பூசினாலும் அது வேடிக்கை பார்க்கும் பொருளாகவே இருக்கும்.

இதற்குச் சான்று ராஜஸ்தானில் இருக்கிறது. அருணா ராய், நிகில் தே, சங்கர் சிங் ஆகியோர் 1990இல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன், 1994 டிசம்பரில் பாலி மாவட்டத்தின் கோட் கிரானா கிராமத்தில் முதல் பொது விசாரணையை நடத்தியது. அங்கே காட்டப்பட்டதும் உழைப்பைப் பற்றிய தரவுதான்: அரசு நிவாரணப் பணிகளின் மஸ்டர் ரோல் என்னும் வருகைப் பதிவேடு, பில்கள், கூலிக் கணக்கு. அதை யாரும் படமாக மாற்றவில்லை. ஊர் நடுவில் பெயர் பெயராக உரக்க வாசித்தார்கள். வேலைக்கே போகாதவர் பெயரில் கூலி, கட்டப்படாத கட்டடத்துக்குச் சிமெண்ட் என்று மோசடிகள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. எழுத்தறிவில்லாதவர்கள் எழுந்து நின்று, அந்த நாளில் நான் வேலைக்குப் போகவில்லை என்று சொன்னார்கள். அந்த விசாரணைகளிலிருந்து வளர்ந்த இயக்கம்தான் 2005இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு வழி வகுத்தது. அதே ஆண்டு வந்த நூறு நாள் வேலைச் சட்டத்தில் சமூகத் தணிக்கை கட்டாயமாக்கப்பட்டது. அத்திட்டத்தின் இணையப் பதிவேடுகள் ஆண்டுக்கணக்காக வெறும் அட்டவணைகளாகவே இருந்தன, பார்க்க அழகில்லாதவை. ஆனால் வேலை அட்டை எண்ணைப் போட்டால் எத்தனை நாள் வேலை, கூலி என்று ஏறியது என்று தெரியும். கூலி தாமதத்தை ஆராய்ந்து நீதிமன்றம்வரை கொண்டு போனவர்களுக்கு அந்த வரிகள்தான் ஆயுதம்.

அப்படியானால் வரைபடமே கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. உழைப்பை வரைபடத்தில் காட்டிய சிறந்த முயற்சி ஒன்று 130 ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருக்கிறது. சிகாகோவில் ஜேன் ஆடம்ஸ் நடத்திய ஹல் ஹவுஸ் இல்லத்தில் தங்கியிருந்தவர்கள், சுற்றியிருந்த குடியேறிகளின் தெருக்களை வீடு வீடாக விசாரித்து 1895இல் கூலி வரைபடம் வெளியிட்டார்கள். வாரம் ஐந்து டாலர்வரை சம்பாதிக்கும் குடும்பத்துக்குக் கறுப்பு நிறம், அதற்கு மேல் ஒவ்வொரு படிக்கும் ஒரு நிறம். அளந்தது ஒரு சதுர மைலின் மூன்றில் ஒரு பங்கு. அந்தப் படத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்று ஆக்னஸ் ஹோல்புரூக் எழுதிய குறிப்புகள் நூலின் தொடக்கத்திலேயே வைக்கப்பட்டன. விசாரணையை முன்னின்று நடத்திய ஃப்ளாரன்ஸ் கெல்லி அதற்குள் இல்லினாய் மாநிலத்தின் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளராகியிருந்தார். குடிசைத் தையல் கூடங்களில் குழந்தைகளை வேலைக்கு வைப்பதைக் கட்டுப்படுத்தும் 1893ஆம் ஆண்டுச் சட்டம் அவருடைய கையில் இருந்தது. பெண்களுக்கு எட்டு மணி நேர வேலை என்ற அதன் பிரிவை மாநில உச்ச நீதிமன்றம் 1895இல் ரத்து செய்தபோதும் அவர் ஓயவில்லை. அந்த வரைபடத்தை வரைந்தவர்கள் அந்தத் தெருவிலேயே வாழ்ந்தார்கள், ஒவ்வொரு கதவையும் தட்டியிருந்தார்கள், கேட்ட கேள்வி என்னவென்று வாசகருக்குச் சொன்னார்கள், அடுத்து மாற்ற வேண்டிய சட்டம் எது என்றும் அறிந்திருந்தார்கள். இன்றைய டேஷ்போர்டில் இவற்றில் எது இருக்கிறது?

இறுதியாக ஒரு தப்பித்தல் வாதம் உண்டு. வரைபடம் முகப்பு மட்டும்தான், ஆழமாகப் போக விரும்புவோருக்குக் குடும்பவாரியான மூலத் தரவே இலவசமாகக் கிடைக்கிறதே என்பார்கள். கிடைக்கிறது உண்மை, இந்தியப் புள்ளியியல் அமைப்பின் பெருமைகளில் ஒன்று அது. ஆனால் அதைப் பிரித்துப் படிப்பவர் புள்ளியியல் மென்பொருள் அறிந்த சில ஆயிரம் பேர். முகப்பில் நிற்பவருக்கு நிறம், உள்ளே போகிறவருக்கு உண்மை என்று பிரித்துவிட்டு இதைத் தரவின் மக்களாட்சி என்று அழைப்பது நியாயமில்லை. 2017-18 அறிக்கை வெளியாகாமல் நின்றபோது, தேசியப் புள்ளியியல் ஆணையத்தின் பி.சி. மோகனனும் ஜே.வி. மீனாட்சியும் 2019 ஜனவரியில் பதவி விலகினார்கள். அன்று வெளிவராமல் இருந்தது அட்டவணைகள் நிறைந்த ஒரு அறிக்கை. அதன் 6.1 சதவீத வேலையின்மை எண்ணைத்தான் நாடு அறியக் கூடாது என்று அறிக்கையை நிறுத்திவைத்தவர்கள் நினைத்தார்கள். அந்த அறிக்கை 2019 மே 31இல்தான், தேர்தல் முடிந்தபின், வந்தது. மறைக்க நினைப்பவர்கள் எதற்கு அஞ்சுகிறார்கள் என்பதை அங்கே பார்க்கலாம்.

மத்திய, மாநில அரசுகளிடம் நான் வைக்கும் கோரிக்கைகள் எளியவை. டேஷ்போர்டுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கைக் களப் பணியாளர்களுக்குத் திருப்புங்கள். கணக்கெடுப்பவருக்கு ஒரு வீட்டில் உட்கார்ந்து பெண்ணிடமே நேரில் கேட்க நேரமும் பயிற்சியும் வேண்டும். குறைந்தபட்ச மாதிரி இல்லாத மாவட்டத்துக்கு நிறம் பூசாதீர்கள், வெற்றிடமாக விடுங்கள். எந்தப் படம் போட்டாலும் கேட்கப்பட்ட கேள்வியை முழுத் தமிழில் படத்துக்கு மேலேயே எழுதுங்கள். தொழிற்சாலைவாரியாக நிரந்தரத் தொழிலாளர், ஒப்பந்தத் தொழிலாளர், விடுதியில் இருப்போர் எண்ணிக்கையை அட்டவணையாக அந்தந்த ஊராட்சியில் ஒட்டுங்கள்.

வாசகரிடம் ஒன்று கேட்கிறேன். தமிழ்நாட்டில் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு முறை கிராமசபை கூடுகிறது, அதில் ஒன்று மே 1, தொழிலாளர் நாள். அடுத்த மே 1 அன்று உங்கள் ஊர்க் கிராமசபைக்குப் போங்கள். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் உங்கள் ஊராட்சியிலிருந்து எத்தனை பேர் பதிந்திருக்கிறார்கள், ஓய்வூதியமும் கல்வி உதவியும் கேட்ட எத்தனை விண்ணப்பங்கள் எத்தனை மாதமாக நிற்கின்றன, பக்கத்து ஆலையில் வேலை செய்வோரில் எத்தனை பேருக்கு வருங்கால வைப்புநிதி பிடிக்கப்படுகிறது என்ற கணக்கை எண் எண்ணாக எல்லோர் முன்னிலும் வாசிக்கச் சொல்லுங்கள். வாசிக்க மறுத்தால் அந்த மறுப்பைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லிக் கையெழுத்திட்டு வாருங்கள்.